கீற்றுத் தட்டிக்கு அந்தப் பக்கம்

ஏப்ரல் 14

தீவு கிடைத்துவிட்டது.

பேரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கண் பட்டுவிடும். அந்தமானில் இருக்கிறது, போர்ட் பிளேரிலிருந்து அரை நாள் கப்பல், கப்பலும் தினம் கிடையாது. இவ்வளவு போதும்.

இந்தத் தீவைத் தேடித்தான் நானும் அவரும் ஒரு வருஷமாக இராத்திரிப் பொழுதை ஓட்டினோம். அவர் ஓமானில் ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒன்பதரைக்குக் கூப்பிடுவார். அப்போது சொல்ல வேண்டியதெல்லாம் போனை எடுத்ததும் மறந்துவிடுகிறது என்று கல்யாணமான புதிதில் ஒரு நோட்டில் குறித்து வைக்க ஆரம்பித்தேன். மோட்டார் காயில் போனது, பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை முறைத்தது, எல்லாம். பதினான்கு வருஷமாக அந்தப் பழக்கம் விடவில்லை. இதுவும் அப்படி ஒரு நோட்டுதான்.

தீவுக்கு ஒரே நிபந்தனை, பேராவூரணிக்காரர் யாரும் அங்கே இருக்கக் கூடாது. மாலத்தீவு வேண்டாம், கொழுந்தன் மனைவியின் சித்தப்பா மகன் தேனிலவுக்குப் போய்வந்து மூன்று மாதம் ஸ்டேட்டஸ் போட்டே எங்களைக் கொன்றான். லட்சத்தீவுக்கு அனுமதி, கப்பல் டிக்கெட் எல்லாம் குதிரைக்கொம்பு. அந்தமானிலேயே பேர் பெற்ற தீவு ஒன்றைப் பார்த்தோம். பட்டுக்கோட்டையில் ஒரு கடைக்காரர் குலுக்கலில் ஜெயித்தவர்களை அங்கேதான் கூட்டிப் போகிறாராம். போச்சு.

எங்கள் ஊருக்கும் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் அது அலையில்லாத சேற்றுக் கடல், குளத்துக்கு அண்ணன். எனக்கு நீலமாக, சத்தம் போடுகிற கடல் வேண்டும். அதைவிட முக்கியமாக, அங்கே யாரும் வந்து "தம்பி எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க" என்று கேட்கக் கூடாது.

அவருடைய லீவு எப்படிப் போகும் என்று யாராவது கேட்டால் நான் அழுதுவிடுவேன். வந்த அன்று சொந்தம் முழுக்க வீட்டில். மறுநாளிலிருந்து சென்ட் பாட்டிலும் தைலமும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். ஒரு வீடு விட்டுப்போனால் ஏழு வருஷப் பகை. அப்புறம் காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு. கடைசி வாரம் ஊறுகாய் கட்டுவது. நடுவில் நான் அவரை எங்கே பார்த்தேன் என்று யோசித்தால், வாசலில் செருப்பு போடும்போது பார்த்திருக்கிறேன்.

இந்தத் தடவை லீவு இல்லை. பொங்கலன்று போனில் சொன்னார்: "மே மாசம் முடிச்சுட்டு வந்துடுறேன் சுடரு." முடித்துக்கொண்டு வருவது என்றால் திரும்பிப் போகாமல் வருவது. அந்தச் சொல்லை அன்றைக்கு எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

ஏப்ரல் 23

அத்தையிடம் பொய் சொல்லிவிட்டேன். எனக்குச் சென்னையில் ஆசிரியர் பயிற்சி. மே இருபதாம் தேதி அவர் திருச்சியில் வந்திறங்கும்போது நேராக விமானநிலையத்துக்கு வந்துவிடுவேன் என்று. உண்மையில் அவர் ஒன்பதாம் தேதியே சென்னைக்கு வருகிறார். அத்தை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பொய் சொல்லும்போது கண்ணைச் சிமிட்டாமல் என்னைப் பார்க்கும். நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

இருபதாம் தேதி குடும்பமே வேனில் திருச்சி போகும். நாங்கள் அதற்குள் தீவிலிருந்து திரும்பி, நான் அவர்களோடு நின்றுகொண்டிருக்க, இவர் ஆட்டோவில் வந்து கூட்டத்துக்குப் பின்னாலிருந்து "அம்மா" என்று கூப்பிடுவதாகத் திட்டம். நாற்பத்து மூன்று வயது ஆள் போடுகிற திட்டமா இது?

சாயங்காலம் அத்தை கேட்டார்: "முடிச்சுட்டு வர்றவன் பெட்டி போட்டிருப்பானே, இன்னுமா வரலை?"

அதுவும் சரிதான். முடித்து வருகிறவர்கள் முன்னாலேயே கார்கோவில் பெரிய பெட்டி அனுப்புவார்கள். போர்வை, பால்பவுடர், மிக்ஸி என்று அத்தனை வருஷத்துச் சாமானும் வீட்டு வாசலில் இறங்கும். தெருவே நின்று கயிறு அறுப்பதைப் பார்க்கும். பெட்டி வந்தால் ஆள் வந்த மாதிரி. இன்னொரு வழக்கமும் உண்டு. முடித்து வருகிறவர் சமையல் பாத்திரத்தை ரூமில் இருக்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். அவருடைய குக்கரே திரூர்க்காரர் ஒருவர் ஊருக்கு முடித்துப் போகும்போது கொடுத்ததுதான். அந்தக் குக்கரின் விசில் சத்தம் போனில் கேட்டுக் கேட்டு எனக்கே பழகிவிட்டது.

பெட்டி கப்பலில் வருகிறது, தாமதமாகும் என்று அத்தையிடம் சொன்னேன். அப்படித்தான் இருக்கும்.

மே 4

தோப்புக்குப் போய்வந்தேன். கஜா புயலுக்கு முந்தின மாதம்தான் அவர் "போதும், வந்துடுறேன்" என்று முதல் தடவை சொன்னார். புயல் ஒரே இராத்திரியில் தோப்பைப் படுக்கப் போட்டது. அவர் அங்கேயே இருந்துவிட்டார். பிறகு வைத்த கன்றுகளுக்கு நான்தான் தண்ணீர் விட்டேன், வண்டு பிடுங்கினேன். வடமேற்கு மூலையில் நிற்பது இந்த வருஷம் முதல் குலை தள்ளியிருக்கிறது. நான் வெட்டவிடவில்லை. முதல் குலை, கன்றை வைத்தவர் கையால் இறங்க வேண்டும். குழி தோண்டியது அவர்தான், லீவு முடிகிற அன்று காலையில்.

பெட்டியில் புதிதாக இரண்டு சுடிதார் வைத்திருக்கிறேன். அத்தைக்குத் தெரியாது.

மே 9

சென்னை. வந்துவிட்டார்.

காதுக்கு மேலே நரை ஏறியிருக்கிறது, வீடியோவில் தெரியவில்லை. கையில் ஒரே ஒரு சின்னப் பெட்டி. "இவ்வளவுதானா?" என்றேன். "தீவுக்குத்தானே போறோம்" என்றார். ஆமாம், தீவுக்குத்தானே.

மே 10

விமானத்தில் எனக்கு ஜன்னல். மேகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவர் தூங்கினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. இவர் தூங்கும்போது எப்படி இருப்பார் என்பதே எனக்கு மறந்துபோயிருக்கிறது.

மே 11

கப்பலில் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் தமிழில் கேட்டார்: "எந்த ஊரு நீங்க?"

நான் முந்திக்கொண்டேன். "கோயம்புத்தூர்."

"பேச்சு எங்க பக்கம் மாதிரி இருக்கே? நமக்குப் பட்டுக்கோட்டை."

அதற்குப் பிறகு கரை வரும்வரை இவர் வாந்தி வருகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், நான் கோயம்புத்தூர்க்காரி மாதிரி ஏனுங், வாங் என்று பேசிச் சமாளித்தேன். அந்த மனிதர் நடுவழியில் வேறு தீவில் இறங்கிப் போன பிறகுதான் மூச்சு வந்தது.

எங்கள் தீவில் இறங்கியது நாங்களும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும். படகுத்துறை, இரண்டு கடை, ஒரே ஒரு சாலை. மாலதி என்று ஒரு வங்காளி அம்மாள் வீட்டில் தங்கல். வீட்டுக்காரர் மீன்பிடிக்கப் போகிறவர். பக்கத்தில் முன்பு ஒரு தமிழ்க் குடும்பம் இருந்ததாம், அதனால் மாலதிக்கு நாலு வார்த்தை தமிழ் வருகிறது. என்னைத் தீதி என்கிறார், அக்காவாம். போனுக்கு சிக்னல் கிடையாது. படகுத்துறையின் கடைசி முனையில் நின்றால் ஒரு கோடு வரும், காற்று நன்றாக இருந்தால்.

கடல் நீலம்தான். படத்தில் பார்த்தது பொய்யில்லை. நான் இடுப்பு வரை இறங்கி நின்றேன். திரும்பிப் பார்த்தால் இவர் கரையில் ஒரு தென்னை மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். "வெள்ளை ஈ விழுந்திருக்கு சுடரு, அடி மட்டையெல்லாம் கருத்திருக்கு பாரு" என்கிறார். பேராவூரணியில் இல்லாத தென்னையைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?

மே 12

அலை இருக்கிறது, நீலம் இருக்கிறது. பேச்சுதான் இல்லை.

மே 13

நேற்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். இன்று எழுதுகிறேன்.

எங்களுக்குப் பேச வரவில்லை. போனில் ஒன்றரை மணி நேரம் பேசுகிறவர்கள் நாங்கள். இங்கே எதிரெதிரே உட்கார்ந்து, "மீன் நல்லாருக்குல்ல?" "நல்லாருக்கு." அதோடு முடிந்தது. அவர் சாப்பிட்டதும் எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிடுகிறார். நான் கையை நீட்டினால் திடுக்கிடுகிறார். விடிவதற்கு முன் எழுந்து, போர்வையை நாலாக மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார். கட்டில் பெரிய கட்டில். அவர் ஓரத்தில் ஒரு சாண் அகலத்தில் படுக்கிறார். ஓமானில் கம்பெனி கேம்ப்பில் அடுக்குக் கட்டில், அந்த அகலம் உடம்புக்குள் போய்விட்டது. எனக்குப் பக்கத்தில் இவ்வளவு இடம் காலியாக இருப்பது வீட்டில் தனியாகப் படுப்பதைவிட மோசமாக இருக்கிறது. இதை எழுதினால் எழுதினதுதான். இந்தத் தடவை போனில் சொல்ல முடியாது.

ஆனால் மாலதியிடம் இந்தியில் பேசும்போது வேறு ஆள். கையை ஆட்டுகிறார், கதை சொல்கிறார், தொடையில் தட்டிச் சிரிக்கிறார். எனக்கு இந்தி தெரியாது. என் வீட்டுக்காரரை இன்னொரு பாஷையில்தான் பார்க்க முடிகிறது என்றால் வயிறு எரியாதா? எரிந்தது.

மாலதி என்னைக் காட்டி ஏதோ கேட்டார். "பச்சா" என்பது மட்டும் புரிந்தது, பிள்ளை. எந்த ஊருக்குப் போனாலும் இந்தக் கேள்வி எனக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. அவர் நீளமாக ஏதோ சொன்னார். மாலதி என் கையைத் தடவினார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

மதியம் மாலதியின் அடுப்பில் இவர் மீன் குழம்பு வைத்தார். சோறு குழைந்துவிட்டது. "என் குக்கரா இருந்தா உதிரி உதிரியா வந்திருக்கும். அலமாரியில பூட்டி வச்சுட்டு வந்திருக்கேன்" என்றார். சொல்லிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்து மறுபடி எடுத்தார்.

கேம்ப்பில் திருட்டு பயம். பூட்டித்தான் வைப்பார்கள்.

மே 14

துணி துவைக்க அவர் பேண்ட் பையைத் துழாவினேன். சாவிக்கொத்து. வீட்டுச் சாவி, தோப்பு மோட்டார் சாவி, அப்புறம் பித்தளையில் ஒரு சின்னச் சாவி.

துவைத்துக் காயப்போட்டேன். நல்ல வெயில். சீக்கிரம் காய்ந்துவிட்டது.

மே 15

இன்று சிரித்தோம்! எப்படி என்று எழுத வேண்டும்.

மாலதி வீட்டில் குளிக்கிற இடம் கொல்லையில் கிணற்றடி. மூன்று பக்கம் கீற்றுத் தட்டி, நாலாவது பக்கம் சுவர். எங்கள் ஊர் முடைசல் மாதிரியே தென்னங்கீற்று. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் சாயங்காலம் நான் குளிக்கும்போது இவர் வெளியே கவிழ்த்துப் போட்ட பழைய படகின் மேல் காவலுக்கு உட்கார்ந்தார்.

நான் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம்: "என்ன பண்ற?"

தினம் ஒன்பதரைக்கு அவர் கேட்கிற முதல் கேள்வி அது. அதே குரல். எனக்கு ஈரத் தலையோடு சிலிர்த்துவிட்டது.

"குளிக்கிறேன், தெரியலையா?" என்றேன்.

"சாப்டியா?"

"அஞ்சு மணிக்கு யாராவது சாப்பிடுவாங்களா?"

அவ்வளவுதான், பேச்சு திறந்துகொண்டது. பட்டுக்கோட்டைக்காரரிடம் நான் பேசிய கோயம்புத்தூர்த் தமிழைப் பேசிக் காட்டினார். நான் தலைமையாசிரியையின் விக் காற்றில் பறந்த கதையைச் சொன்னேன். போனில் ஏற்கெனவே சொன்ன கதைதான், ஆனாலும் அவர் படகில் கையால் அடித்துச் சிரித்தார். கீற்று இடுக்கில் அவர் சட்டையின் கோடு மட்டும் தெரிந்தது. மாலதியிடம் என்ன சொன்னீர்கள் என்று அப்போதுதான் கேட்டேன்.

"பிள்ளை இருக்கான்னு கேட்டாங்க. நாப்பது இருக்கு, எல்லாம் தோப்புல நிக்குது, தனியாளா நின்னு இவதான் வளத்தான்னு சொன்னேன்."

நான் ஒரு குடம் தண்ணீரை மொத்தமாகத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அழுதாலும் தெரியாது அல்லவா.

உடுத்திக்கொண்டு வெளியே வந்தேன். முகத்தைப் பார்த்ததும் இருவருக்கும் மறுபடி வாய் அடைத்துவிட்டது. "டீ குடிக்கலாமா?" என்றார்.

மே 16

இன்று அவர் குளிக்கப் போனார். நான் படகின் மேல் உட்கார்ந்தேன். கேட்பதென்றால் இதுதான் நேரம் என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

"பித்தளைச் சாவி எதுக்கு?"

தண்ணீர் சத்தம் நின்றது.

"அலமாரிச் சாவி" என்றார்.

"முடிச்சுட்டு வர்றவருக்கு அலமாரி எதுக்கு?"

கீற்றில் ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. அது உச்சிக்குப் போகும்வரை அதையே பார்த்தேன்.

"கையெழுத்துப் போட்டுட்டேன் சுடரு. இன்னும் மூணு வருஷம். ஜூன்ல திரும்பணும். இங்க வச்சு சொல்லலாம்னுதான்... தினம் சொல்லிடணும்னு நெனச்சேன்."

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் வந்தார். ஒரு வருஷம் தீவு தீவு என்று தேடியது இதைச் சொல்வதற்கு ஒரு நல்ல இடம் பார்க்கத்தானா? நான் எழுந்து நடந்தேன். எங்கே போவது? தீவில் ஒரு சாலைதான் இருக்கிறது. முடிகிற இடத்தில் கடல். கோபித்துக்கொண்டு போக அம்மா வீடு கூட இல்லாத ஊர்.

எனக்குத் தெரியும். ஏப்ரல் மாதம் அத்தை பெட்டி எங்கே என்று கேட்டபோதே தெரியும்.

மே 17

காற்று. கடல் சரியில்லை, கப்பல் வராது என்று படகுத்துறையில் சொல்லிவிட்டார்கள். நாளை நாங்கள் கிளம்ப வேண்டிய கப்பல். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவருக்குப் பதற்றம். எனக்கு இல்லை. வராமலே போகட்டும். ஜூன் முடியும்வரை வராமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சாமி இருக்கிற திசைகூட இங்கே தெரியவில்லை, சும்மா கடலைப் பார்த்து வேண்டினேன்.

மே 18

மழை. பேச்சு இல்லை. மாலதி இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு இரண்டு தட்டிலும் ஒரு மீன் கூடுதலாக வைத்தார்.

மே 19

மழை விட்டது, அலை அடங்கவில்லை. மூன்று நாள் பிசுபிசுப்பு. சாயங்காலம் குளிக்கப் போனேன். கூப்பிடாமலே வந்து படகில் உட்கார்ந்தார். நான் பேசக் கூடாது என்று இருந்தேன். வாளி நிறைந்தது, நான் ஊற்றிக்கொள்ளாமல் நின்றேன்.

அவர் மெதுவாக ஆரம்பித்தார். சொன்னபடியே எழுதிவிடுகிறேன்.

"எனக்கு வரணும்னு ஆசை இல்லாம இல்ல. பேப்பரை முன்னாடி வச்சாங்க, பேனாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முப்பது நாள் இருக்கத் தெரியும் எனக்கு. முப்பத்தோராவது நாள் என்ன பண்றதுன்னு தெரியாது. போன்ல உனக்கு என்னைப் பிடிச்சிருக்கு. பேசுறேன், சிரிக்க வைக்கிறேன். நேர்ல நான் ஒரு மரம் சுடரு. இங்க வந்து பாத்தல்ல? தினம் தினம் இந்த மூஞ்சியப் பாத்து உனக்கு அலுத்துப்போச்சுன்னா, அப்ப நான் எங்க போறது? போன்ல இருக்கிறவனாவது உனக்கு மிஞ்சட்டும்னு கையெழுத்துப் போட்டேன்."

பதினான்கு வருஷமாக இந்த மனிதருக்காகக் காத்திருக்கிறேன், இவர் பயந்துகொண்டிருந்தது கடனுக்கோ வேலைக்கோ இல்லை, எனக்கு. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

"எனக்கு மட்டும் நேர்ல பேச வருதா?" என்று கத்தினேன். மாலதி வீட்டுக் கோழி ஓடியது. "நானும் வாயடைச்சுப்போய்த்தானே உக்காந்திருக்கேன்? நேர்ல பேச வரலைன்னா தட்டி கட்டிக்குவோம். பேராவூரணியில இல்லாத தென்னங்கீத்தா? வீட்டு நடுவுல ஒரு தட்டி. நீங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். பேச வந்த அன்னைக்குப் பிரிச்சு அடுப்புல வச்சுக்கிடலாம்."

கீற்று இடுக்கில் அவர் சட்டை எழுந்து மறுபடி உட்கார்ந்தது.

"முதல் குலை தள்ளியிருக்கு" என்றேன், குரலைக் குறைத்து. "வடமேற்கு மூலைப் பிள்ளை. வெட்டாம வச்சிருக்கேன். இப்ப விட்டா ஒவ்வொண்ணாக் காஞ்சு விழும், நான் பொறுக்கிட்டு இருக்கணும். எனக்குப் போன்ல இருக்கிறவர் வேண்டாம். இவ்வளவு நாள் இருந்தாச்சு அவரோட. எனக்கு நீங்க வேணும். மரமா இருந்தாப் பரவாயில்ல, நான் மரம் வளத்தவதான்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "தண்ணி ஊத்திக்க. சளி பிடிச்சுக்கும்" என்றார்.

மே 20

இன்று அவர் திருச்சியில் வந்திறங்க வேண்டிய நாள். வேன் கிளம்புவதற்குள் சொல்லியாக வேண்டும். விடிந்ததும் படகுத்துறைக்குப் போனோம். மாலதியும் கருவாடு காயப்போட வந்திருந்தார். துறையின் கடைசிப் பலகையில் நின்று கையை உயர்த்திப் பிடித்தால் ஒரு கோடு. ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா..."

"டேய் செழியா! ஏரோப்ளேன் ஏறிட்டியா? வேன் வந்து நிக்குது, உன் தம்பி மாலை வாங்கப் போயிருக்கான்."

"அம்மா, வேனை அனுப்பிடும்மா. நான் அந்தமான்ல இருக்கேன்."

"எந்த மாமன்?"

"அந்தமான்மா. தீவு. சுடரும் இருக்கா. பத்து நாளா ரெண்டு பேரும் இங்கதான். கப்பல் வரலை."

 அத்தை நிதானமாகச் சொன்னார்: "டிரெயினிங் டிரெயினிங்னு ரெண்டு சுடிதார எடுத்து வச்சப்பவே நெனச்சேன்." எனக்குக் கடலில் குதித்துவிடலாம் போல இருந்தது. "இங்க பதினெட்டுப் பேர் இட்லி தின்னுட்டு வேனுக்கு நிக்கிறாங்கடா. அவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது? சரி, வேன் கிளம்பினது கிளம்பினதாவே இருக்கட்டும், சமயபுரம் போயிட்டு வந்துடுறோம். சுடரு, தலைக்கு எண்ணெய் வச்சியா, உப்புக் காத்து." கோடு போய் மறுபடி வந்தது. "பெட்டி எங்கடா? முடிச்சுட்டுத்தானே வந்திருக்க?"

அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன். இதற்கு நான் உதவி செய்யக் கூடாது.

"ஒரு வேலை பாக்கி இருக்கும்மா. முடிச்சுட்டுக் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

மறுபடி எண்ணை அழுத்தினார். கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இந்தியில் பேசினார். இந்தத் தடவை கையை ஆட்டவில்லை, சிரிக்கவில்லை. "ராம்பிரவேஷ்" என்றார். கேம்ப்பில் கீழ்க் கட்டிலில் படுக்கிற பீகார்க்காரர். அந்தப் பக்கம் ஏதோ பெரிதாகக் கேட்டது, இவர் இல்லை இல்லை என்று தலையாட்டினார். மறுபடி சொன்னார். அவ்வளவு பேச்சில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. குக்கர்.

 மாலதி கருவாட்டைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தார், குழப்பத்தோடு.

"தீதி, உங்க ஆளு சொல்றாரு, பூட்டு உடைச்சிடு, குக்கர் நீ எடுத்துக்கோ, நான் வரலை. என்ன குக்கர் தீதி? நீங்க ஏன் அழறீங்க?"

அவர் போனை வைத்துவிட்டு வந்தார். சாவிக்கொத்திலிருந்து சின்னச் சாவியைக் கழற்ற நகத்தால் முட்டி மோதினார். கழன்றதும் என் கையில் வைத்தார். இனிமேல் அதற்குப் பூட்டு இல்லை.

"கம்பெனியில விடுவாங்களா?" என்றேன்.

"சத்தம் போடுவாங்க. போடட்டும். டிக்கெட் அவங்க எடுத்தது, ஏறுறது நான்தானே."

நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நடுவில் தட்டி இல்லை.

மே 21

நாளை கப்பல் வருகிறதாம். வரட்டும்.

நேற்று ஒன்பதரைக்கு என் கை தானாகத் தலையணைக்கு அடியில் போனைத் தேடியது. பக்கத்திலேயே அவர் இருந்தார், அவர் கையும் தேடிக்கொண்டிருந்தது. 

இன்று மதியம் தூங்குகிறார். இப்போதும் கட்டிலின் ஓரத்தில், அதே ஒரு சாண் அகலத்தில்தான். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஒரே நாளில் நடுவுக்கு வந்துவிட மாட்டார். கன்று வைத்த வருஷமே காய்க்கவா செய்தது?